என் பெயரில் ஓடும் லிஃப்டுகள்

மார்ச் 4, புதன்

பல் வலி தாங்கவில்லை, டாக்டரிடம் போனேன். நான்காம் மாடி. பல் டாக்டர்கள் ஏன் மாடியிலேயே கடை விரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. வந்தவர்கள் சுலபமாக ஓடிவிடக் கூடாது என்றோ என்னவோ.

லிஃப்ட் வந்தது. தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றது. கதவு மூடும்போது பழக்க தோஷத்தில் குறுக்கே கையை நீட்டிப் பார்த்தேன். திரும்பத் திறக்க வேண்டிய கதவு என் கையை நசுக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது. இதற்கு பாஸ் போட்ட புண்ணியவான் யார் என்று உள்ளே ஒட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தேன். ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயர். என் உரிம எண். கீழே என் கையெழுத்து, கடைசியில் வரும் அந்த இழுப்பு உட்பட. ‘குறைகள்’ என்ற கட்டத்துக்குள் ‘இல்லை’ என்று இருந்தது.

இந்தக் கட்டடத்துக்குள் நான் கால் வைப்பதே இன்றுதான்.

கையெழுத்தைவிட அந்த ‘இல்லை’தான் எனக்கு எரிகிறது. லிஃப்ட் ஆய்வாளராக இத்தனை வருடத்தில் குறை இல்லாத லிஃப்ட் ஒன்றை நான் பார்த்ததில்லை. முதல் தடவை போய் எதற்கும் பாஸ் போட்டதும் இல்லை. சரிசெய்யச் சொல்வேன், மறுபடி போவேன், மறுபடியும் ஏதாவது இருக்கும். முதுகுக்குப் பின்னால் என்னை ‘ஃபெயில் மேடம்’ என்கிறார்கள் என்பதும் தெரியும். என் பெயரைத் திருடுகிறவன் என்னைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டாவது திருடியிருக்கக் கூடாதா?

படியில் ஏறிப் போனேன். பல்லைப் பிடுங்க வேண்டுமாம்.

மார்ச் 5, வியாழன்

இவரிடம் சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார். முப்பத்துமூன்று எடுத்தவனுக்கு இரண்டைத் தூக்கிப் போட்டுக் கரையேற்றி விடுகிற மனிதர். ஒரு பையனைக்கூட ஃபெயில் போட்டதில்லை என்பது இவருடைய பெருமை. எங்கள் குடித்தனம் எப்படி நடக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

“உன் பேர்லயே வேற யாராவது இருப்பாங்களோ என்னவோ” என்றார்.

உரிம எண்ணும் அதேவா, கையெழுத்தும் அதேவா என்று கேட்டேன். தலையைக் குனிந்து திருத்த ஆரம்பித்துவிட்டார். பேனா நகரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காவல் நிலையம். மேஜைக்குப் பின்னால் ஒருவர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். அந்தப் பேனாவுக்கு அங்கே வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

“என்ன திருட்டுப் போச்சு?”

“என் பேரு.”

“அது உங்ககிட்டதானம்மா இருக்கு?”

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பெரிய நகைச்சுவை. என் உரிமம் எந்த அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதாவது, வராதே என்றார்கள்.

மார்ச் 7, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாய் நிறையப் பஞ்சு. இன்று முழுக்கப் பேசக் கூடாதாம். இவருக்கு நல்ல நாள்.

மார்ச் 9, திங்கள்

உரிம அலுவலகம். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் நகம் வெட்டி முடிக்கும்வரை நின்றேன். பத்து விரலுக்கும் வெட்டினான். அதற்குப் பிறகு என் எண்ணைத் தட்டினான். திரையில் கட்டடம் கட்டடமாக வந்துகொண்டே இருந்தது. நான் நிஜமாகப் பார்த்தவற்றைக் கழித்தால்கூட நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரு வருடத்துக்குள். எல்லாம் நான் பார்க்காதவை. எல்லாவற்றிலும் குறை இல்லை.

பராமரிக்கும் நிறுவனம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே பெயர். அந்த நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருப்பவர் எங்கள் வீட்டு இளவரசர். இவருடைய தம்பி, என் கொழுந்தன். அங்கே அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான்.

ஆளிடம் சொன்னேன், இதை நான் போடவில்லை என்று. அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“ஒவ்வொண்ணுக்கும் ஓடிபி போயிருக்கு மேடம். அதைப் போட்டாத்தான் உங்க கையெழுத்தோட சான்றிதழ் வரும். நீங்க போடாம எப்படி?”

எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்டேன். கடைசி நாலு இலக்கத்தைச் சொன்னான். அது இவருடைய எண்.

எழுதுகிற கை கொஞ்சம் நிற்கட்டும்.

எல்லாம் கணினிக்கு மாறியபோது கைபேசி எண் கேட்டார்கள். மோட்டார் அறைக்குள் போனால் நான் போனைத் தொடுவதில்லை. அதனால் இவருடைய எண்ணைக் கொடுத்தோம். பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்தது இளவரசர். சிரித்துக்கொண்டே வைத்துக் கொடுத்தான். அவன் எதைச் செய்தாலும் சிரித்துக்கொண்டேதான் செய்வான்.

நகம் வெட்டிய ஆள் கடைசியில் ஒரு யோசனை சொன்னான். “புகார் குடுத்தா முதல்ல உங்க லைசென்ஸைத்தான் நிறுத்தி வைப்பாங்க. பேசாம பாஸ்வேர்டை மாத்திட்டு வீட்டுக்குப் போங்க மேடம்.” அந்த அலுவலகத்தில் இதைவிட நல்ல புத்தி யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதே நாள், சாயங்காலம்

பாஸ்வேர்டை அங்கேயே மாற்றிவிட்டுத்தான் வந்தேன். இவர் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

தம்பி போன் செய்து கேட்பானாம், வந்த எண்ணை இவர் சொல்வாராம். “உன் வேலைக்குத்தான்னு சொன்னான். நான் நம்பிட்டேன்.”

நம்பினாராம். நாற்பது தடவை நம்பியிருக்கிறார். வாசலில் வந்து வீட்டுச் சாவியைக் கொடு என்று ஒருத்தன் கேட்டால் இவர் செருப்பையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை? பக்கத்து அறையில்தானே இருக்கேன், கடல் கடந்தா இருக்கேன்?

மார்ச் 11, புதன்

இளவரசர் எழுந்தருளினார். இஸ்திரி போட்ட சட்டை, வாசனை. சோபாவில் நடுவே உட்கார்ந்தார். இவர் ஓரத்தில், விருந்தாளி மாதிரி.

மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவே இல்லை. நான் லிஃப்டுகளுக்கு ஃபெயில் போட்டுக்கொண்டே இருப்பதால் வாடிக்கையாளர்கள் வேறு நிறுவனத்துக்குப் போகிறார்களாம். அவன் வேலையே போய்விடும் நிலைமையாம். அதனால் குடும்பத்துக்குள்ளேயே முடித்துக்கொண்டானாம்.

அப்படியென்றால் வேறு எவனாவது ஒரு ஆய்வாளரின் பெயரைத் திருடியிருக்கலாமே, ஏன் என் பெயர் என்று கேட்டேன்.

“உங்க கையெழுத்து இருந்தா எவனும் மறுபடி திறந்து பார்க்க மாட்டான் அண்ணி. வேற யார் கையெழுத்துக்கும் அந்த மதிப்பு கிடையாது.”

பாராட்டாம். அவன் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே பாராட்டித்தான் சொல்கிறான். நான் இத்தனை வருடம் எண்ணெயிலும் அழுக்கிலும் படுத்து உருண்டு, பார்க்கிறவனிடமெல்லாம் ஏச்சு வாங்கிச் சேர்த்த பெயர் அது. அதில் இருந்த ஒரே மதிப்பை எடுத்துக் கதவுக்குக் கதவு ஒட்டியிருக்கிறான்.

லிஃப்டெல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஒரு வருடம் போனால் சான்றிதழும் காலாவதியாகிவிடும், அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை என்றான். போகும்போது அண்ணனின் தோளைத் தட்டிவிட்டுப் போனான். இவர் அதற்கும் தலையாட்டினார்.

மார்ச் 12, வியாழன்

யோசித்துப் பார்க்கிறேன்.

புகார் கொடுத்தால்: என் உரிமம் நிற்கும். விசாரணை வரும். இளவரசர் மாட்டுவார், மாட்டட்டும். ஆனால் ஓடிபி போன எண் யாருடையது என்று கேட்பார்கள். அது இவரிடம் வந்து நிற்கும். கொலைகாரனைப் பார்த்தால்கூட உட்காரச் சொல்கிற மனிதரைக் காவல் நிலையத்தில் உட்கார வைப்பார்கள்.

கொடுக்காவிட்டால்: அந்த லிஃப்டுகள் என் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

நடுவே ஒரு வழி இருக்கிறது. நானே ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது, மோசமானதைச் சத்தமில்லாமல் சரிசெய்ய வைப்பது. யாருக்கும் நோகாது. இவருக்கு மிகவும் பிடித்த மாதிரியான வழி. இவ்வளவு காலம் இவரோடு இருந்ததில் எனக்கும் தொற்றிக்கொண்டதோ?

அதையே செய்யப் போகிறேன். என்னைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 14, சனி

காலையில் இரண்டு கட்டடம் பார்த்தேன். இரண்டும் கேவலம், ஆனால் ஆளைக் கொல்லாது. மூன்றாவது ஆறு மாடிக் குடியிருப்பு. வாட்ச்மேனிடம் உரிம அட்டையைத் தூரத்திலிருந்து காட்டினேன். தூக்கம் கலையாமல் உள்ளே விட்டான்.

ஐந்தாம் மாடியில் கதவுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். லிஃப்ட் கீழே எங்கோ இருக்கிறது. கதவு திறந்தது. எதிரே வெறும் குழி. இருட்டு, எண்ணெய் வாடை, கீழிருந்து வரும் காற்று.

லிஃப்ட் அந்த மாடிக்கு வராமல் கதவு திறக்கவே கூடாது. கதவின் பூட்டு கெட்டுப்போனால் லிஃப்ட் தானாக நின்றுவிடும், அதற்காகத்தான் அந்தப் பூட்டில் மின் இணைப்பே கொடுத்திருக்கிறார்கள். பூட்டை மாற்றச் சோம்பல்பட்டு, நிற்காமல் ஓடட்டும் என்று ஒரு துண்டு வயரால் இரண்டு முனையையும் இணைத்து வைத்திருந்தார்கள். வயர் புதுசு. சிவப்பு. வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த மாடியில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் காய்கறிப் பை. நான் கதவைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்துவிட்டு, “அது அப்பப்ப அப்படித்தான் திறந்துக்கும். நாங்க பார்த்துதான் கால் வைப்போம்” என்றாள்.

இது ஆபத்து, இனி யாரும் ஏறக்கூடாது என்றேன்.

“அப்படியெல்லாம் இருக்காதுங்க. போன மாசம்தான் ஒரு அம்மா வந்து பாஸ் பண்ணிட்டுப் போனாங்களாம். ரொம்பக் கறாரான அம்மாவாம். உள்ளே பேர் ஒட்டியிருக்கு பாருங்க.”

குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. விரல்களை மெல்லப் பிரித்து எடுத்தேன். கதவை இழுத்துச் சாத்தினேன்.

மேலே போய் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வாட்ச்மேன் தெருவரை பின்னால் கத்திக்கொண்டே வந்தான். ஐந்து மாடி அந்தப் பெண் எப்படித்தான் பையோடும் குழந்தையோடும் ஏறி இறங்குவாளோ, ஏறி இறங்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். “நாளைக்குப் புகார் குடுக்கப் போறேன். உங்க போன் நம்பர் அதுல வரும்.”

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவைப் பற்றியும் சொன்னேன். குழந்தையைப் பற்றியும் சொன்னேன். “சரி” என்றார்.

எதற்குச் சரி? இவர் எல்லாவற்றுக்கும் சரிதான். நாளைக்குத் தம்பி வந்து வேண்டாம் என்றால் அதற்கும் சரி.

மார்ச் 16, திங்கள்

கொடுத்துவிட்டேன். ஃபியூஸையும் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். காது குடைகிறவர் இந்தத் தடவை கடிதம் கேட்காமல் பேனாவால் எழுதினார்.

மார்ச் 20, வெள்ளி

நகம் வெட்டுகிறவன் சொன்னது பலித்துவிட்டது. முதல் வேலையாக என் உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். லிஃப்டுகளுக்கெல்லாம் சீல். என் எண் எப்படியோ கிடைத்து ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள், மூன்றாம் மாடிக்குப் பீரோ வாங்கியவர்கள், எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். பார்க்காத லிஃப்டுக்கு பாஸ் போட்டவள் என்று சிலர். நன்றாக ஓடிய லிஃப்டை நிறுத்தியவள் என்று சிலர். இரண்டாவது கட்சிக்கே கூட்டம் அதிகம்.

கதவு திறந்தாலும் பரவாயில்லை, பார்த்துக் கால் வைப்பார்களாம். இவர்களைக் காப்பாற்றவா நான் வேலையை விட்டேன்?

ஏப்ரல் 2, வியாழன்

ஓரகத்தி வந்தாள், இளவரசரின் மனைவி. கண் வீங்கியிருந்தது. வக்கீல் ஒரு வழி சொல்லியிருக்கிறாராம். அதை என் வீட்டுக் கூடத்தில், என் எதிரிலேயே, இவரிடம் சொன்னாள். அந்தத் துணிச்சலுக்காக அவளை நான் கொஞ்சம் மதிக்கிறேன். அந்த வீட்டில் முதுகெலும்பு இருப்பது அவள் ஒருத்திக்குத்தான்.

வழி இதுதான்: தம்பி கேட்டால் எண்ணைச் சொல்லிவிடுங்கள் என்று மனைவியே சொல்லியிருந்தாள் என்று இவர் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் எல்லாம் என் சம்மதத்தோடு நடந்ததாகிவிடும். திருட்டு இல்லை, மோசடி இல்லை. என்னுடைய அஜாக்கிரதை. என் உரிமம் மட்டும் போகும். இளவரசர் ஜெயிலுக்குப் போக மாட்டார், இவர் பக்கமும் யாரும் வரமாட்டார்கள்.

“அக்காவுக்குப் போறது ஒரு லைசென்ஸ்தான் மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

இவர் தலையாட்டினார்.

அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோபம்கூட வரவில்லை. கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்களுடைய கருத்துதான் இவருடைய கருத்து. விசாரணை அன்றைக்குக் கடைசியாக யார் பேசுவார்கள் என்று மட்டும் தெரிந்தால் தீர்ப்பை நானே எழுதிவிடுவேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்கலாம். வாய் வரை வருகிறது. கேட்க மாட்டேன். கேட்டு வாங்குகிற உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிட வேண்டாம்.

ஏப்ரல் 13, திங்கள்

சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

விசாரணை.

சின்ன அறை. ஓடாத மின்விசிறி. ஒரு பக்கம் இளவரசர், வக்கீல், ஓரகத்தி. எதிர்ப்பக்கம் நான். இவர் நடு நாற்காலியில். காலையில் இவரைத் தம்பிதான் காரில் கூட்டிக்கொண்டு வந்தான். இறங்கும்போதும் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். ஆக, கடைசியாகப் பேசியது யார் என்பது தெரிந்துவிட்டது. என் தீர்ப்பை நான் எழுதிவிட்டேன்.

போலீஸ் அதிகாரி நல்ல மாதிரி. வாத்தியார் என்று தெரிந்ததும் குரலை இறக்கிக்கொண்டார். பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். “இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே சார்? இல்ல, உங்க மிசஸ் குடுக்கச் சொன்னாங்களா?”

இரண்டு கதவு. இரண்டும் திறந்தே இருந்தன. எதில் நுழைந்தாலும் இவர் தப்பித்துவிடலாம்.

இவர் எழுந்து நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

“அவளுக்கு எதுவும் தெரியாது சார். எனக்குத் தெரியும். முதல் தடவை தெரியாது. ரெண்டாவது தடவையில இருந்து தெரியும்.”

தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார் அதிகாரி.

“தம்பி கேட்டான். இல்லைன்னு சொல்ல வாய் வரலை.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். வக்கீல் ஏதேதோ பூசி மெழுகப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. இளவரசர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

தெரியும். தெரிஞ்சே குடுத்திருக்கார். அன்னிக்கு என் முகத்தைப் பார்த்து ‘நம்பிட்டேன்’னு சொன்னது பொய். ஒரு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு, என் பேரை எடுத்து எடுத்துக் குடுத்திருக்கார். என்ன மனுஷன் இது? இன்னிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது வாய்? எனக்காக வந்ததா? அந்தக் குழிக்காக வந்ததா? இல்ல, பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சா?

இரண்டு பேரையும் சாயங்காலம் உள்ளே வைத்துவிட்டார்கள். போகும்போது இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லவேளை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 22, புதன்

பள்ளியில் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் போனில் வருத்தம் தெரிவித்தார். அவர் வருத்தத்தை வைத்துக்கொண்டு பல் குத்தலாம்.

வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குப் பிடித்த மாதிரி. பிடிக்கவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

ஜாமீன். இளவரசருக்கு மாமனார் வந்து நின்றார், அழைப்பே தேவைப்படவில்லை. இவருக்கு யாரும் இல்லை. கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் திடீரென்று காய்ச்சல். இரக்கப்பட்டு மார்க் போட்டுப் போட்டு வளர்த்த பிள்ளைகளில் ஒருத்தனையும் காணோம்.

நான் போடுகிறேன் என்றேன். நீதிமன்ற குமாஸ்தா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“புகார் குடுத்ததும் நீங்க, ஜாமீனும் நீங்களா?”

சட்டத்தில் தடை இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். தடை இல்லையாம், இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

ஜாமீன் போடுகிறவர் அந்த ஆளை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும், அவர் சொன்ன நாளில் வந்து நிற்பார் என்று பொறுப்பேற்க வேண்டும். குமாஸ்தா எழுதிக்கொண்டே கேட்டார், “எத்தனை வருஷமாத் தெரியும் இவரை?”

கல்யாணமான வருடத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து என்பதுதான் நிஜம். அதைச் சொன்னால் அந்தக் கட்டத்துக்குள் எழுத மாட்டார்.

“இருபத்துநாலு வருஷம்” என்றேன். எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் டாக்சி பிடித்தேன். மூன்று நாளில் இவர் சட்டை இவருக்கே பெரிதாகிவிட்டிருந்தது. நேராகப் போய் டிரைவருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“பின்னாடி வாங்க” என்றேன்.

வந்து உட்கார்ந்தார்.